கட்டிங் டேபிளும் அயர்ன் பலகையும் ஒன்றாகவே செய்யலாமா?

ஊசிநூல் (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். இதுவரை வெட்டியதெல்லாம் தரையில்தான். டைல்ஸ் மேல் துணியை விரித்து, முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றிக்கொண்டு வெட்டுவேன். தீபாவளி சீசன் முடிந்தால் ஒரு வாரத்துக்கு நிமிர முடியாது.

பையன் இந்த வருடம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். அவனுடைய 9-க்கு 10 அறையை எனக்குத் தையலறையாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதில் 6-க்கு 3 அடியில் ஒரு மேசை போடலாம் என்று இருக்கிறேன். மேலே ஒரு இஞ்ச் ஸ்பாஞ்ச் ஒட்டி, கெட்டித் துணியை இழுத்து அடித்துவிட்டால் வெட்டவும் அதுவே, தேய்க்கவும் அதுவே. இடமும் மிச்சம், காசும் மிச்சம்.

ஆசாரி பார்ட்டிகிள் போர்டு போதும் என்கிறார். உயரம் 36 இஞ்ச் வைக்கட்டுமா என்று கேட்கிறார். எனக்கு இரண்டும் தெரியவில்லை. நாளை மறுநாள் சாமான் வாங்கப் போகிறோம். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

பட்டன்ஹோல் (கோவை):

அக்கா, ஸ்பாஞ்சை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அந்தத் தப்பை உங்களுக்கு முன்னாலேயே நான் செய்து முடித்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சோபா வேலை செய்யும் கடையில் ஒரு இஞ்ச் ஸ்பாஞ்ச் வாங்கி, பழைய மேசை மேல் ஒட்டி, பெட்ஷீட் சுற்றினேன். பார்க்க மெத்தை மாதிரி அழகாக இருந்தது. அயர்ன் பாக்ஸை வைத்தால் அப்படியே அமுங்கும், சுற்றிலும் துணி மேடு தட்டும். எவ்வளவு அழுத்தினாலும் மடிப்பு கூராக விழாது. காலர் தேய்த்தால் முனை மேலே எழும்பி நிற்கும். ஸ்டீம் அயர்ன் வாங்கிய பிறகு இன்னும் மோசம். ஈரம் உள்ளேயே தங்கி, மேல் துணியில் பழுப்பு வளையம் வர ஆரம்பித்தது. ஒரு வருடம் கழித்துப் பிரித்துப் பார்த்தேன். சூடு அதிகம் பட்ட இடத்தில் ஸ்பாஞ்ச் மஞ்சளாகி, தொட்டால் ரவை மாதிரி உதிர்ந்தது. அந்தப் பொடி இன்னும் மிஷின் ஷட்டிலுக்குள் கிடக்கும் என்று நினைக்கிறேன்.

அதன்மேல் துணி வெட்டியும் பார்த்தேன். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

பழைய மாஸ்டர் (திருப்பூர்):

31 வருடம் கட்டிங்கில் இருந்தவன். இப்போது பேத்திக்குப் பாவாடை வெட்டுவதோடு சரி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, வெட்டுகிற பலகைக்கு வேண்டியது தேய்க்கிற பலகைக்கு ஆகாது. வெட்டும்போது கத்தரியின் கீழ் அலகு பலகையைத் தொட்டபடியே நழுவிப் போக வேண்டும். துணியைத் தூக்கக் கூடாது. பலகை கெட்டியாக, மட்டமாக, வழவழப்பாக இருந்தால்தான் அது நடக்கும். மெத்தென்று இருந்தால் கீழ் அலகு புதையும், அடித்துணி சுருங்கும், மேல் துணி ஓர் அளவிலும் அடித்துணி வேறு அளவிலும் வரும். ஓர் ஓரத்துக்கு 2 மி.மீ. தப்பு என்று வையுங்கள். நான்கு ஓரம் சேர்ந்தால் 8 மி.மீ. பிளவுஸில் அது ஹூக்கைத் தள்ளித் தைக்கிற அளவு. அப்புறம் வாடிக்கையாளர் "போன தடவை நன்றாக இருந்ததே" என்பார், நாம் அவர் எடை கூடிவிட்டதாகச் சொல்வோம்.

தேய்ப்பதற்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். வெறும் பலகை மேல் தேய்த்தால் அடியில் இருக்கும் தையல் தும்பு முகப்புப் பக்கம் கோடாக எழும்பும், கலர் துணியில் அந்த இடம் பளபளக்கும். கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற பரப்பு வேண்டும், ஆனால் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கவும் கூடாது. ஆவியைக் குடிக்க வேண்டும். குடித்ததைக் கீழே விடவும் வேண்டும்.

கம்பெனியில் வேக்கம் டேபிள் இருக்கும். மேலே ஆவி அடித்து அழுத்துவோம், காலால் பெடலை மிதித்தால் அடியிலிருந்து மோட்டார் காற்றை உறிஞ்சும். ஒரு நொடியில் துணி ஆறி, ஈரம் போய், மடிப்பு நின்றுவிடும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. மடிப்பு சூட்டில் மட்டும் நிற்பதில்லை. சூடும் ஈரமும் நூலை இளக வைக்கும். அது ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் நிற்கும். சூடாக இருக்கும்போதே உருவி எடுத்தால் தேய்த்தது பாதி வீண்.

வீட்டில் வேக்கம் கிடையாது. அந்த வேலையைக் கம்பளி செய்யும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் இழுத்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. சூட்டையும் பிடித்து வைப்பதால் அடியிலிருந்தும் துணிக்குச் சூடு ஏறும். பலகை மேல் இரண்டு மடிப்பு நல்ல கம்பளி, அதன்மேல் இழுத்துக் கட்டிய காடாத் துணி, அதாவது வெளுக்காத கெட்டிப் பருத்தித் துணி. இதற்கு மேல் வீட்டுத் தையலுக்கு ஒன்றும் தேவையில்லை.

ஆகவே மேசையை வெட்டுவதற்காகச் செய்யுங்கள். தேய்க்க ஒரு தனிப் பலகை செய்து, வேண்டும்போது மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம்: 36 இஞ்ச் ஆண்கள் நின்று வெட்டிய கடைகளின் கணக்கு. நீங்கள் செருப்பில்லாமல் நேராக நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். அதில் 4 அல்லது 5 இஞ்ச் கழித்தால் வருவது உங்கள் கட்டிங் டேபிள். தேய்க்கிற பரப்பு அதைவிட இன்னும் இரண்டு மூன்று இஞ்ச் இறங்கினால் நல்லது, தோளின் எடை தானாகப் பாக்ஸில் இறங்கும். உயரம் கூடினால் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்வீர்கள். இடுப்பு வலி போய்க் கழுத்து வலி வரும், அவ்வளவுதான்.

பாயில்_படிந்தவள் (தஞ்சாவூர்):

22 வருடமாகத் தரையில்தான் வெட்டுகிறேன். மாஸ்டர் பதிவைப் படித்த பிறகு என் இடுப்பு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நானும் பின்தொடர்கிறேன்.

மரத்தூள் (நெல்லை):

தையல் எனக்குத் தெரியாது. வீட்டம்மாவுக்காக இங்கே வந்து எட்டிப் பார்ப்பேன். மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். ஆவி படுகிற இடத்தில் ஓரம் ஊறி இட்லி மாதிரி உப்பிவிடும், அப்புறம் சுருங்காது. ஸ்க்ரூவும் ஒரு தடவை கழற்றினால் இரண்டாவது தடவை பிடிக்காது. எம்.டி.எஃப் பலகை மேடுபள்ளமில்லாமல் சமமாக இருக்கும், ஆனால் அதற்கும் தண்ணீர் எமன். 18 மி.மீ. பிளைவுட் வாங்குங்கள். ஷீட்டின் மேல் ஐ.எஸ். 303 என்ற முத்திரையும் பி.டபிள்யூ.ஆர் (கொதிநீர் தாங்கும்) என்ற கிரேடும் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஆர் என்று இருந்தால் அது ஈரப்பதத்தை மட்டும் தாங்கும், ஆவிக்குப் போதாது. ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நீங்கள் படகு செய்யவில்லை, அது வேண்டாம்.

இப்போது கணக்கு. ஷீட் 8-க்கு 4 அடி. நீளத்தில் 6 அடியில் ஒரு வெட்டு போட்டால் 6-க்கு 4 துண்டு ஒன்றும் 2-க்கு 4 துண்டு ஒன்றும் வரும். பெரிய துண்டில் ஓர் அடியை நீளவாக்கில் கழித்தால் உங்கள் 6-க்கு 3 மேசை தயார். 2-க்கு 4 துண்டுதான் மாஸ்டர் சொல்லும் அயர்ன் பலகை. மிச்சம் 6-க்கு 1 பட்டை, அதை மேசைக்கு அடியில் நூல்கண்டு வைக்கிற தட்டாகப் போடலாம். ஒரு ஷீட்டில் ஒரு துண்டு வீணில்லை. இப்படி அமைவது அபூர்வம், எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 2-க்கு 4 பலகை 8 கிலோவுக்குக் குறையாது. தினமும் தூக்கி வைத்து இறக்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் 2-க்கு 3 ஆக்கிவிடலாம், ஆறரைக் கிலோ அளவில் நிற்கும், மேசையின் 3 அடி அகலத்துக்கும் சரியாக உட்காரும்.

காலுக்கு ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்த ஸ்டாண்டு நல்லது. ஓட்டை போட்ட ஸ்லாட்டட் ஆங்கிளும் ஆகும், ஆனால் பின்பக்கம் குறுக்குப் பட்டை போடாவிட்டால் வெட்டும்போது ஊஞ்சல் ஆடும். 6 அடிக்கு நடுவில் ஒரு தாங்கு கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் நடுவில் தொய்யும். பழைய ஃப்ளஷ் டோர் ஏதாவது வீட்டில் கிடந்தால் இதெல்லாம் வேண்டாம். 30 மி.மீ. கனம், ஆறரை அடிக்கு மேல் நீளம், இரண்டு ஸ்டாண்டு மேல் வைத்தால் அதுவே முதல்தரக் கட்டிங் டேபிள். கைப்பிடி ஓட்டையை மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாக்பீஸ் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும்.

ஊசிநூல்:

மாஸ்டர், அண்ணாச்சி, இருவருக்கும் கோடி நன்றி. ஆசாரியிடம் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "யாரு சொன்னது?" என்று கேட்டார். நெல்லையிலிருந்து ஓர் அண்ணாச்சி என்றேன். முறைத்தார்.

3 அடி அகலம் போதுமா? சர்ட்டிங் துணி 58 இஞ்ச் வருகிறதே? மேலே சன்மைக்கா ஒட்டலாமா?

பழைய மாஸ்டர்:

போதும். நாம் மடித்துத்தானே வெட்டுகிறோம். 44 இஞ்ச் காட்டன் மடித்தால் 22, 58 மடித்தால் 29. அகலம் 3 அடிக்கு மேல் போனால் எதிர் ஓரத்தை எட்டவே முடியாது, மேசையைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். உங்கள் அறையில் அதற்கு இடமும் இல்லை.

சன்மைக்கா ஒட்டுங்கள், ஆனால் பளபளப்பு வேண்டாம், மேட் வாங்குங்கள். டியூப்லைட் வெளிச்சம் பளபளப்பில் பட்டுக் கண்ணைக் கூசும், கறுப்புத் துணியில் சாக்பீஸ் கோடு தெரியாமல் போகும். ஜார்ஜெட், சாட்டின் மாதிரி நழுவுகிற துணிக்கு மட்டும் அடியில் பிரவுன் பேப்பர் விரித்து, துணியையும் பேப்பரையும் சேர்த்துக் குண்டூசி போட்டு, பேப்பரோடு வெட்டுங்கள். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும்.

அந்தச் சன்மைக்கா மேல் எக்காரணம் கொண்டும் அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். முதலில் ஒரு கொப்புளம் எழும்பும். அப்புறம் தினமும் அதையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சிங்கை_பாபின் (சிங்கப்பூர்):

நான் ஒட்டுத்துணி வைத்துக் குயில்ட் தைப்பவள். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தையலறை என்று தனியாக ஒன்றும் இல்லை, சாப்பாட்டு மேசைதான். கத்தரிக்குப் பதிலாக வட்டக் கத்தி, அடியில் பச்சை நிறக் கட்டிங் மேட். வட்டக் கத்தி வாங்கப் போகிறவர்களுக்கு என் கண்ணீர்க் கதை.

கட்டிங் மேட் பி.வி.சி. சூடு ஆகவே ஆகாது. அவசரத்துக்கு ஒரு டவலை நான்காக மடித்து மேட் மேல் போட்டு ஒரு சின்னத் துண்டைத் தேய்த்தேன். ஒரு நிமிடம் கூட இருக்காது. எடுத்துப் பார்த்தால் மேட் அப்பளம் பொரிந்த மாதிரி அலை அலையாக நிற்கிறது. கனமான புத்தகம் வைத்துப் பார்த்தேன், வெயிலில் காய வைத்துப் பார்த்தேன் (இன்னும் கோணியது). ஒருநாளும் பழைய நிலைக்கு வரவில்லை. சுடச்சுடத் தேநீர்க் கோப்பை, வெயிலில் நிற்கும் கார், சுவரில் சாய்த்து வைப்பது, மூன்றும் இதன் எதிரிகள். படுக்கப் போட்டுத்தான் வைக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் வைக்கலாம்.

மாஸ்டர் சொன்ன கம்பளிக்கு நானும் சாட்சி. இங்கே கம்பளி ஃபெல்ட் மேட் என்று அரை இஞ்ச் கனத்தில் விற்கிறார்கள், அதுதான் வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது. ஆனால் ஆவி பட்டதும் நனைந்த ஆட்டு வாடை வரும். முதல்நாள் என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இரவு மட்டன் சமைக்கிறேனா என்று கேட்டார்.

ஊசிநூல்:

அடுத்த பிரச்சினை. கம்பளி எங்கே கிடைக்கும்? நேற்று மூன்று கடை ஏறி இறங்கினேன். "கம்பளி" என்று கேட்டால் எல்லோரும் எடுத்துப் போடுவது பூ போட்ட வழவழப்பான போர்வை. லேபிளைப் பார்த்தால் பாலியஸ்டர், இல்லாவிட்டால் அக்ரிலிக். ஒரு கடைக்காரர் மட்டும் சாம்பல் நிறத்தில், முரட்டு முரட்டாக ஒன்று காட்டி "இது அசல்" என்றார். லேபிளே இல்லை. எப்படி நம்புவது?

பழைய மாஸ்டர்:

ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, கடைக்கு வெளியே வந்து. அசல் கம்பளி என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானாக அணையப் பார்க்கும். மிஞ்சுகிற கரியை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் உருகிச் சுருண்டு, முனையில் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும். உருகும்போது தொடாதீர்கள், விரலோடு ஒட்டும்.

பாதிக்குப் பாதி கலந்த போர்வைகளும் வரும். அதில் பொடியும் இருக்கும், நடுவில் கெட்டியும் தட்டும். அதை விட்டுவிடுங்கள். அயர்ன் பாக்ஸின் சூட்டுத் திருகில் மூன்று புள்ளி என்பது 200 டிகிரி அளவு. அந்தச் சூட்டில் தினமும் அழுத்தினால் கலப்புப் போர்வை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி அட்டையாகிவிடும்.

காவிரிக்கரை (ஈரோடு):

கம்பளியே கிடைக்காவிட்டால் பருத்தியிலும் செய்யலாம். என் பலகையில் துவைத்த பழைய வெள்ளைப் போர்வை ஆறு மடிப்பு. இஸ்திரிக்கடை வண்டிகளிலும் அதைத்தானே போட்டிருக்கிறார்கள், அவர்கள் ஒரு நாளைக்குத் தேய்க்கிற துணியை நாம் ஒரு மாதத்தில் தேய்க்க மாட்டோம். பருத்தி சீக்கிரம் ஈரமாகிவிடும், நடுநடுவே காயப் போட வேண்டும். மற்றபடி குறையில்லை.

ஜமக்காளம் மட்டும் போடாதீர்கள். கெட்டியாக இருக்கிறதே என்று பழைய சிவப்புக் கோடு போட்ட ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, மேலே ஒரே ஒரு மெல்லிய வேட்டியை விரித்து, ஆவி வைத்து ஒரு வெள்ளைக் குர்தாவைத் தேய்த்தேன். முதுகில் சிவப்பாக இரண்டு கோடு. போதாததற்கு நெசவின் வரிகள் வேறு அப்படியே பதிந்திருந்தன. குர்தா பக்கத்து வீட்டு மாப்பிள்ளையுடையது. மீதியை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

மேலே போர்த்தக் காடா வாங்கும்போது கொஞ்சம் தாராளமாக வாங்குங்கள். கஞ்சி போகாத காடா வெந்நீரில் போட்டால் நன்றாகச் சுருங்கும். இரண்டு தடவை துவைத்துக் காய வைத்த பிறகுதான் அளந்து வெட்ட வேண்டும். துவைக்காமல் அடித்தால் முதல் ஆவியிலேயே அந்தக் கஞ்சி பாக்ஸ் அடியில் பழுப்பாக ஒட்டும்.

நல்லூர்_நூல் (யாழ்ப்பாணம்):

நான் கனகாலமாகச் சாப்பாட்டு மேசையில் பழைய பெட்சீற்றுகளை மடித்துப் போட்டுத்தான் ஸ்திரிக்கை போடுகிறேன். போன மாதம் வெள்ளி நிறத்தில் மினுங்குகிற ஒரு உறை வாங்கினேன். சூடு வீணாகாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஸ்திரிக்கை ஆகிவிடும் என்று எழுதியிருந்தது. சாதாரண ஸ்திரிக்கைப் பெட்டிக்கு நல்லாகத்தான் இருக்கிறது. ஸ்ரீம் போட்டால் மட்டும் துணி நனைந்துவிடுகிறது. பட்டுச் சேலை ஒன்றில் நீர்ப்பொட்டுகளும் விழுந்துவிட்டன. உறையில் பிழையா, என்னில் பிழையா?

பட்டன்ஹோல்:

உங்களிடம் பிழை இல்லை அக்கா. அந்த வெள்ளிப் பூச்சு சூட்டைத் திருப்பி அனுப்பும், அது உண்மை. ஆவியையும் கீழே விடாது. போக வழியில்லாத ஆவி அங்கேயே தண்ணீராகித் துணிக்குத்தான் திரும்ப வரும். அதன்மேல் ஒரு காடாவை விரித்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். பட்டுக்கு ஆவியே வேண்டாம். உள்பக்கமாகத் திருப்பி, மேலே மெல்லிய காட்டன் துணி போட்டு, குறைந்த சூட்டில் உலர்வாகத் தேய்த்தால் போதும்.

ஒயர்மேன் (சேலம்):

எல்லோரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். சாதாரண அயர்ன் பாக்ஸ் 1000 வாட், 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குள் அடங்கும், சின்ன பிளக்கில் ஓடும். ஸ்டீம் அயர்ன் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதைச் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டாதீர்கள், எர்த்தோடு கூடிய 16 ஆம்பியர் பிளக் தனி லைனில் போடுங்கள். பிளக் மேசைக்கு மேலே, நீங்கள் பாக்ஸ் பிடிக்கும் கைப்பக்கம் இருக்கட்டும். ஒயர் துணி மேல் இழுபடாது. பையன் அறை என்கிறீர்கள், ஒரே ஒரு சார்ஜர் பிளக்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஊசிநூல்:

பந்தயம் நீங்களே ஜெயித்தீர்கள். ஒன்றே ஒன்று, அதுவும் கட்டிலுக்குப் பின்னால். ஆள் சொல்லிவிட்டேன்.

சாம்பல் போர்வையின் நூலைக் கொளுத்தினேன். முடி நாற்றம், பொடி. வாங்கிவிட்டேன். பிளைவுட்டும் வந்துவிட்டது, 6-க்கு 3 வெட்டியாயிற்று. சின்னப் பலகையை அண்ணாச்சி சொன்ன மாதிரி 2-க்கு 3 ஆக்கலாம் என்று ஆசாரி ரம்பத்தை எடுக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

என் முழங்கை உயரம் 39 இஞ்ச். மேசை 34½ என்று முடிவு செய்தோம். அயர்ன் பலகையை அதன்மேல் தூக்கி வைத்தால் பலகை, அடிச்சட்டம், கம்பளி எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் இஞ்ச் ஏறி 35¾ ஆகிவிடுகிறது. மாஸ்டர், தேய்க்கிற பரப்பு இறங்க வேண்டும் என்றீர்கள். இங்கே ஏறுகிறதே?

பழைய மாஸ்டர்:

நீங்கள் சொல்வது சரி. நான் கம்பெனி ஞாபகத்தில் உயரத்தைச் சொல்லிவிட்டு, கடை ஞாபகத்தில் பலகையை மேலே வைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டும் ஒத்துப்போகாது. ரம்பத்தை நிறுத்துங்கள். அறையில் தாழ்வாக வேறு ஏதாவது மேசை இருக்கிறதா?

ஊசிநூல்:

பையனின் படிப்பு மேசை இருக்கிறது! 4 அடிக்கு 2 அடி, உயரம் 30. பழைய இரும்புக்கடைக்குப் போடலாம் என்று வைத்திருந்தேன்.

மரத்தூள்:

4-க்கு 2 மேசை, உங்களிடம் வெட்டாத 2-க்கு 4 பலகை. இதற்குமேல் என்ன வேண்டும்? அப்படியே உட்கார வையுங்கள். இனிமேல் தூக்கவே போவதில்லை, எடையும் பிரச்சினை இல்லை.

அந்தப் படிப்பு மேசையின் மேல்பலகை அநேகமாகப் பார்ட்டிகிள் போர்டாகத்தான் இருக்கும். அதனால் நேராக ஒட்டாதீர்கள். பலகைக்கு அடியில் அரை இஞ்ச் ரீப்பர் (மரச்சட்டம்) மூன்று அடித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு வையுங்கள். ஓரத்து ரீப்பர் இரண்டின் வெளிப்பக்கத்தில் சின்ன உதடு மாதிரி ஒரு பட்டை கீழே இறங்கினால் மேசை விளிம்பைக் கவ்விக்கொள்ளும், நகராது.

பலகைக்கும் கம்பளிக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தாள் போட்டால் பிளைவுட்டுக்கு ஈரம் போகாது என்று தோன்றுகிறது. மாஸ்டர் என்ன சொல்கிறார்?

பழைய மாஸ்டர்:

வேண்டாம். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு மேலே நடந்தது இங்கே கம்பளிக்கு அடியில் நடக்கும். கம்பளி கீழிருந்து காயவே காயாது. புதுப் பிளைவுட்டிலிருந்து ஆவி பழுப்புக் கறையை மேலே கொண்டுவரும் என்பதுதான் பயம் என்றால், முதலில் ஒரு கெட்டிக் காடா, அதன்மேல் கம்பளி, மேலே மறுபடி காடா போடுங்கள். அடிக்காடா கறையை வாங்கிக்கொள்ளும்.

மரத்தூள்:

பலகை கெட்டுப்போனால் யார் மாற்றுவது என்று யோசிக்கிறேன். என் வீட்டில் தாள் போட்டுத்தான் செய்திருக்கிறேன், இரண்டு வருடமாக நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டம்மாவிடம் ஆவி அயர்ன் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பழைய மாஸ்டர்:

அப்படிச் சொல்லுங்கள்.

ஊசிநூல் (மூன்று வாரம் கழித்து):

முடிந்தது. அறைக்குள் "ட" வடிவில் வந்திருக்கிறது. சன்னல் பக்கம் கட்டிங் டேபிள், பக்கவாட்டில் அயர்ன் டேபிள், மிஷின் எனக்கு முதுகுப் பக்கம். ஸ்டூலில் அப்படியே திரும்பினால் தையல், எழுந்தால் அயர்ன். படிப்பு மேசைக் கால்களுக்கு அடியில் முக்கால் இஞ்ச் கட்டை வைத்ததில், கம்பளியெல்லாம் அமுங்கிய பிறகு தேய்க்கிற பரப்பு 32 இஞ்ச் வந்து நிற்கிறது. தாள் போடவில்லை அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காடா அடித்ததில்தான் ஒரு நாள் போயிற்று. முதல் தடவை ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே போனேன். கடைசி மூலைக்கு வந்தபோது துணி முழுக்கக் கோணி, நடுவில் சுருக்கம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். இரண்டாவது தடவை, ஓரத்தில் ஒரு நூலை உருவி நேர் பார்த்து வெட்டி, துணியை லேசாக ஈரமாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கம் நடுவில் ஒன்று என்று இழுத்து இழுத்து அடித்து, மூலைகளைக் கடைசியில் மடித்தேன். காய்ந்ததும் தப்பட்டை மாதிரி இறுகிவிட்டது. தட்டினால் சத்தம் வருகிறது.

நேற்று ஒரே மூச்சில் நான்கு பிளவுஸ் வெட்டினேன். மாஸ்டர் சொன்னபடி, தேய்த்த பிறகு பிளவுஸ் கைத் துண்டுகளை ஆறும்வரை தொடாமல் விட்டேன். மடிப்பு இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. ஆட்டு வாடையும் அப்படியே இருக்கிறது.

ஒன்றே ஒன்று பாக்கி. மார்பு டார்ட் (வளைவுக்காக மடித்துத் தைப்பது) பிடித்த இடத்தைத் தட்டைப் பலகையில் தேய்த்தால் குழி விழுகிறது. அதற்கு என்ன செய்வீர்கள்?

பழைய மாஸ்டர்:

அதற்கு உருண்டைத் திண்டு வேண்டும். முட்டை வடிவத்தில் ஓர் அடி நீளம், ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். ஒரு முகம் காடா, மறுமுகம் மிஞ்சின கம்பளி. பஞ்சு அடைக்காதீர்கள், அமுங்கும். காய்ந்த மரத்தூளைக் குச்சியால் குத்திக் குத்தி, கல் மாதிரி ஆகும்வரை அடையுங்கள். டார்ட்டை அதன் வளைவில் வைத்து மேலிருந்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுத்துத் தேய்க்கக் கூடாது.

மரத்தூள்:

பெயரைச் சொல்லி அழைத்த மாதிரி இருந்தது, வந்துவிட்டேன். தேக்குத் தூள் மட்டும் வேண்டாம், ஆவி பட்டால் கறை விடும். மில்லில் கேட்டால் ஒரு சாக்கு சும்மாவே தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் சலித்துக்கொள்ளுங்கள், ஆணி கிடக்கும்.

பாயில்_படிந்தவள்:

திண்டுக்கு அளவு சொல்லுங்கள் மாஸ்டர். மேசை பிறகு பார்க்கலாம், திண்டைத் தரையிலேயே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?